சாமிக் கல்லும் சர்வேக் கல்லும்

ஒரு கல்லை நட்டு, மஞ்சளைப் பூசி, குங்குமத்தை வைத்துவிட்டால் அது சாமியாகி விடுகிறது. அதே பாறையில் உடைத்த இன்னொரு துண்டை வயலில் நட்டு, வெள்ளையடித்து, நம்பர் எழுதிவிட்டால் அது சர்க்காராகி விடுகிறது. முந்தியதைக் கண்டால் நம் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். பிந்தியதைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கொள்ளுகிறார்கள். முந்தியதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்பதில்லை. பிந்தியது எந்தச் சட்டத்தின்படி வந்தது என்றும் கேட்பதில்லை. சாமிக் கல்லைப் பற்றி இந்த இயக்கத்தில் எவ்வளவோ எழுதியாய் விட்டது, பேசியும் ஆய்விட்டது. இப்பொழுது சர்வேக் கல்லைப் பற்றிச் சிறிது எழுத எண்ணுகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற பெருஞ்சாலை திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகத்தான் போகிறது. அதை அகலப்படுத்தினார்கள். திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சாலை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு ஒரு சாலை. திண்டிவனத்திலிருந்து நகரிக்கு ஒரு ரயில் பாதைத் திட்டம். சிப்காட் ஒரு பக்கம். மின்சாரக் கோபுரம் ஒரு பக்கம். இவ்வளவுக்கும் வேண்டிய நிலம் ஆகாயத்திலிருந்து இறங்கப் போவதில்லை. நஞ்சையிலும் புஞ்சையிலும்தான் எடுத்தாக வேண்டும். எடுக்குமுன் அளக்க வேண்டும். அளப்பதற்கு ஒருவர் வரப்பைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அவர் எப்பொழுது வரலாம், என்ன செய்யலாம், வந்தவரை நாம் என்ன கேட்கலாம் என்பதுதான் விஷயம்.

இதில் ஆதாரமான நியாயம் ஒன்றே ஒன்றுதான். சர்க்கார் உத்தியோகஸ்தர் என்கின்ற காரணத்துக்காக மாத்திரம் ஒருவருக்கு மற்றொருவன் நிலத்தில் கால் வைக்க உரிமை கிடையாது. ஒரு சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தால், அது சொன்ன அளவுக்கு, அது சொன்ன முறையில் உண்டு. அதற்கு மேல் ஒரு அடி வைத்தால், அவர் ஜீப்பில் வந்தாலும் சரி, டவாலி போட்ட சேவகனுடன் வந்தாலும் சரி, அத்துமீறி நுழைந்தவரேயாவார். இங்கிலாந்து தேசத்தில் 1762-ல் மந்திரி ஒருவருடைய வாரண்டை வைத்துக்கொண்டு ராஜாவின் சேவகர்கள் ஜான் என்டிக் என்ற எழுத்தாளர் வீட்டில் புகுந்து, பூட்டை உடைத்து, காகிதங்களை வாரிக்கொண்டு போனார்கள். அவர் வழக்குப் போட்டார். 1765-ல் காம்டன் பிரபு என்ற நீதிபதி, இப்படி நுழைவதற்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்று கேட்டார். காட்ட முடியவில்லை. சேவகர்கள் 300 பவுன் நஷ்டஈடு கொடுக்கும்படியாயிற்று. ராஜாவின் பெயரைச் சொன்னது பிரயோஜனப்படவில்லை.

இந்த நியாயத்தை வெள்ளைக்காரன் நம் நாட்டுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர மறந்துவிட்டான். வரி வசூல் புத்தகத்தை மாத்திரம் மறக்கவில்லை. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்தார்கள் என்பதைக் கம்பெனி சர்க்காரே விசாரணைக் கமிஷன் போட்டு 1855-ல் அச்சிட்டு ஒப்புக்கொண்டது. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிக்கும் கிட்டியும், ஆளைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. இவற்றைச் செய்தவன் கடல் கடந்து வந்தவன் அல்ல. கீழ்த்தர ரெவினியூ, போலீசு உத்தியோகத்திலிருந்த உள்ளூர் ஆள்தான். கணக்கு வேலையும் மணியமும் அப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரைச் சொத்தாக இருப்பதற்கு 1895-ல் சட்டமே செய்துவைத்தார்கள். நம் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைக் கர்ணம், முன்சீப்பு பதவிகள் ஒழிந்தது 1980 நவம்பரில்தான். அதாவது இன்றைக்கு ஐம்பது வயது ஆன குடியானவர் பிள்ளையாயிருந்தபோது, தன் தகப்பனார் கர்ணத்தின் திண்ணைக்குக் கீழே நின்றதைக் கண்ணால் பார்த்தவர். ஆகவே சர்வேயர் சங்கிலியோடு வந்தால் கை தானாகக் கூப்பிக்கொள்ளுவதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியமில்லை என்பதற்காக அது யோக்கியமாகி விடாது.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் 1894-ல் செய்த நில எடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. கொடுமையான சட்டம் என்று நம் தேசபக்தர்கள் நூறு வருஷம் திட்டினார்கள், திட்டினது சரியே. ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. அறிவிப்புப் போட்ட பிறகு உத்தியோகஸ்தர் நிலத்தில் இறங்கலாம், அளக்கலாம், தோண்டிப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்குள்ளோ, வீட்டைச் சேர்ந்த அடைப்புள்ள முற்றத்திலோ தோட்டத்திலோ நுழைய வேண்டுமானால், குடியிருப்பவர் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் 7 நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். பயிரையோ வேலியையோ வெட்டினால் நுழைகிற அந்தச் சமயத்திலேயே நஷ்டத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்நியன் எழுதிவைத்தது இது.

சுயராஜ்யம் வந்து 50 வருஷம் ஆன பிறகு, 1997-ல், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நில எடுப்புக்குப் புதிய பிரிவுகளைச் சேர்த்தார்கள். 3-ஏ என்ற பிரிவின்படி அறிவிப்பு வந்துவிட்டால், 3-பி என்ற பிரிவின்படி அதிகாரம் பெற்ற எவரும் பார்வையிடலாம், அளக்கலாம், துளை போடலாம், எல்லைக் குறி வைக்கலாம். வெள்ளைக்காரன் வைத்த அந்த 7 நாள் நோட்டீசு எங்கே என்று அந்தப் பிரிவில் தேடிப் பாருங்கள். இல்லை. அந்நியன் வீட்டு வாசலில் நின்று நோட்டீசு நீட்டினான். நம்மவன் நேரே கொல்லைக்குப் போகிறான். சொந்தக்காரன் வீட்டில் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டுமா என்பது அவன் எண்ணம் போலும்!

பிறகு 2013-ல் பார்லிமெண்டு ஒரு புதுச் சட்டம் செய்தது. 2014 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. 1894-ம் வருஷத்துச் சட்டம் ஒழிந்தது. புதுச் சட்டத்தின் 12-ம் பிரிவு உண்மையிலேயே மெச்சத்தக்கது. நிலச் சொந்தக்காரரோ அவர் எழுத்து மூலம் அனுப்பிய ஆளோ இல்லாமல் அளக்கவே கூடாது. அவர் வராமல் அளக்க வேண்டுமானால் 60 நாள் முன்னதாக நோட்டீசு கொடுத்து, வந்து நிற்க அவகாசம் தந்திருக்க வேண்டும். வீடு, அடைப்புத் தோட்டம் என்றால் பழைய 7 நாளும் உண்டு. இதைப் படித்துவிட்டுக் குடியானவனுக்கு விடிந்துவிட்டது என்று பலர் கொண்டாடினார்கள்.

ஆனால் புராணத்தில் வரம் கொடுத்தால் கூடவே ஒரு தந்திரமும் வைத்திருப்பார்களல்லவா? அதுபோல் இந்தச் சட்டத்தின் கடைசியில் 105-ம் பிரிவும் நாலாம் அட்டவணையும் இருக்கின்றன. அந்த அட்டவணையில் கண்ட 13 சட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவை எவை? தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, மின்சாரம், பெட்ரோல் குழாய், நிலக்கரி முதலியவை. குடியானவன் நிலத்தில் யார் யார் அடிக்கடி நுழைகிறார்களோ அவர்கள் பேர்களாகவே பொறுக்கி எழுதினாற்போல் இருக்கிறது. நஷ்டஈட்டுக் கணக்கை மாத்திரம் பின்னால் 2015-ல் அவற்றுக்கும் பொருத்தினார்கள். 60 நாள் நோட்டீசைப் பொருத்தவில்லை. பணம் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளுவான், மரியாதை எதற்கு என்பது இதன் தாற்பரியம்.

மத்திய சர்க்காரை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நம் வீட்டுச் சர்க்காரை விட்டுவிடுவது யோக்கியமாகாது. தமிழ்நாட்டுச் சட்டசபை 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கும் 1997-ம் வருஷத்துச் சட்டம், மாகாண நெடுஞ்சாலைகளுக்கான 2001-ம் வருஷத்துச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கும் 1978-ம் வருஷத்துச் சட்டம் ஆகிய மூன்றையும் 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் வைத்தது. 2019 ஜூலையில் சென்னை ஐக்கோர்ட்டு அம்மூன்றும் செல்லாது என்றது. அதே வருஷத்தில் சட்டசபை கூடி அவற்றுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்றது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதைத் திரும்பிப் பார்த்து மாற்றவில்லை. ஆதலால் திண்டிவனத்துப் பக்கத்தில் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க வந்தாலும், டெல்லியில் எழுதிய 60 நாள் என்பது டெல்லியிலேயே நின்றுவிட்டது.

இதன் பலனை அடுத்த ஜில்லாவிலேயே பார்த்தோம். 2018-ல் சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோ மீட்டரில் எட்டு வழிச் சாலை என்றார்கள். திருவண்ணாமலை ஜில்லாவில் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், செங்கம் பக்கமெல்லாம் போலீசுக் காவலுடன் இறங்கிக் கல் நட்டார்கள். பெண்கள் வயலில் விழுந்து புரண்டு அழுததை நாடே பார்த்தது. நோட்டீசு வந்த உடனேயே ரெவினியூ ரிக்கார்டில் சொந்தக்காரன் பேரையும் மாற்ற ஆரம்பித்தார்கள். 2019 ஏப்ரல் 8-ந் தேதி ஐக்கோர்ட்டு அந்த அறிவிப்புகளை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அறிவிப்புகள் செல்லும் என்று ஐக்கோர்ட்டின் முடிவை மாற்றியது. ஆனால் வெறும் அறிவிப்பை வைத்துக்கொண்டு பேரை மாற்றியது தப்பு, பழையபடி திருத்த வேண்டும் என்பதை அந்தக் கோர்ட்டும் மாற்றவில்லை. இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். சாலை நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு கோர்ட்டுகள் இரண்டு விதமாகச் சொல்லலாம். இன்னும் எடுக்காத நிலத்தை எடுத்ததாக எழுதிய பேனா தவறு என்பதில் இரண்டுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

இந்தப் பக்கம், பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே நம்மோடு இருந்த கடலூர் ஜில்லாவைப் பாருங்கள். 2023 ஜூலை 26-ந் தேதி சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்கென்று நெய்வேலிக் கம்பெனியின் மண் வெட்டும் இயந்திரங்கள் நின்ற நெற்பயிரின்மேல் ஏறின. நிலத்தை வெகு நாள் முன்பே எடுத்துவிட்டோம், பணமும் கொடுத்துவிட்டோம் என்றது கம்பெனி. எடுத்திருக்கலாம். அத்தனை வருஷம் குடியானவன் நாற்று விடுவதையும் நடுவதையும் களை பறிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறுப்புக்கு முன் நுழைவானேன்? ஐக்கோர்ட்டு தலையிட்டு ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் நஷ்டஈடு என்றது. விதைக்கு முன் ஒரு காகிதம் கொடுத்திருந்தால் அந்த நாற்பதாயிரமும் மிச்சம், நெல்லும் மிச்சம்.

“அப்படியானால் சாலை வேண்டாமா? மின்சாரம் வேண்டாமா? எல்லோரும் கட்டை வண்டியில் போகச் சொல்லுகிறீர்களா?” என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். சாலையும் வேண்டும், ரயிலும் வேண்டும் என்றே சொல்லுகிறோம். கட்டை வண்டிக் காலத்தைப் புகழ்ந்து பேசுவது நம் வேலை அல்ல. பொது நன்மைக்குத் தனி நிலத்தில் நுழைய ஒரு சர்க்காருக்கு அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1948-ல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தார் அனுமதி கொடுத்த பிறகுதான் நுழைவது என்று அந்தச் சர்க்கார் காத்திருந்தால் இன்றைக்கும் ஜமீன்தான். ஆகவே நுழைகிற அதிகாரம் இருக்கலாமா என்பதல்ல நம் கேள்வி. அந்த அதிகாரம் எந்த வாசலில் வேகமாய் ஓடுகிறது, எந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது என்பதே கேள்வி.

கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. முன்பணம் கொடுத்து ஆளை அடைத்து வைத்திருக்கிறானா என்று விசாரித்து விடுவிப்பது கலெக்டர், ரெவினியூ டிவிஷனல் ஆபீசர் முதலியவர்களின் கடமை. குறைந்தபட்சக் கூலியைச் சோதிக்க வேலை நடக்கும் இடத்துக்குள் போக இன்ஸ்பெக்டருக்கு 1948-ம் வருஷத்துச் சட்டமே அதிகாரம் கொடுத்தது. செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் தோப்பிலும் இருளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கட்டுண்டு கிடந்து, யாராவது ஒரு சங்கத்தார் மனுக் கொடுத்து, அதற்குப் பிறகே அதிகாரிகள் போய் மீட்டதாகச் செய்தி வருவது வழக்கமாய்விட்டது. மனு எதற்கு? சட்டம் கையில் இருக்கிறதே! சூளைக்காரன் கேட்டில் காவல்காரன் இருக்கிறான்; உள்ளே முதலாளிக்குக் கட்சிக்காரர் வேண்டியவர்; அங்கே அதிகாரத்துக்குக் கால் வராது. அதே இருளர் குடிசைக்குக் கதவு கிடையாது, வேலி கிடையாது. அங்கே அழையாமலே வந்துவிடும். 2011 நவம்பரில் திருக்கோவிலூரை அடுத்த தி.மண்டபத்தில் போலீசார் இரவில் இருளர் குடியிருப்புக்குப் போனதையும், நான்கு பெண்கள் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைப் புகாராகச் சொன்னதையும், போலீசார் ஐவர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதையும் இந்த ஜில்லாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டங்களின் வாசகத்திலேயே இந்தப் பேதம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வரிப் பாக்கிக்கு ஜப்தி செய்வதற்கான 1864-ம் வருஷத்துச் சட்டத்தைப் பாருங்கள். சூரியன் உதித்து மறைவதற்குள்தான் ஜப்தி. தொழுவத்தையும் களஞ்சியத்தையும் உடைத்துத் திறக்கலாம். வீட்டில் பெண்கள் புழங்கும் தனி அறைக்கு மாத்திரம் ஜாக்கிரதையாகப் போக வேண்டும். நல்லதுதான். ஆனால் பெண்களுக்குத் தனி அறை யார் வீட்டில் இருந்தது? ஒரே அறையில் அடுப்பும் ஆடும் பிள்ளையும் இருக்கிற குடிசைக்காரிக்கு இந்த விதி என்ன செய்தது? அதுபோலவே “அடைப்புள்ள தோட்டம்” என்பதற்குத்தான் 7 நாள். மதில் கட்டியவனுக்கு 7 நாள். வரப்பு மாத்திரம் உள்ளவனுக்கு அதுகூட இல்லை. பட்டாவே இல்லாமல் புறம்போக்கில் குடிசை போட்டவனைத் தேடி வந்து நோட்டீசு கொடுப்பவர் யார்? மனு நீதிக்காரன் ஜாதிக்கொரு தண்டனை எழுதினான். இவர்கள் மதிலுக்கொரு மரியாதை எழுதுகிறார்கள்.

மற்றொரு வாசலையும் சொல்லிவிடுகிறோம். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் 2023 ஏப்ரலில் ஆதிதிராவிட இளைஞர்கள் போனார்கள், அடித்தார்கள். ஜாதி இந்துக்களில் சிலர், அது தங்களுடைய தனிக் கோவில் என்றார்கள். “தனிச் சொத்து” என்ற வார்த்தை இங்கே எவ்வளவு சௌகரியமாக வந்துவிட்டது பாருங்கள்! கோவில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. அதுவும் அதே ஓமந்தூரார் காலத்தில். உள்ளே அழைத்துக்கொண்டு போகச் சட்டம் இருக்க, அதிகாரிகள் செய்ததென்ன? 2023 ஜூன் 7-ந் தேதி கோவிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் கோர்ட்டு உத்தரவால் பூசாரி பூசை செய்வதற்கு மாத்திரம் திறந்தார்கள். ஆதிதிராவிடர் போலீசுப் பாதுகாப்போடு உள்ளே போனது 2025 ஏப்ரலில். கோவிலுக்குள் போய் அந்தக் கல்லைக் கும்பிடுவதால் ஒருவனுக்கு ஒரு படி அரிசியும் கிடைக்கப் போவதில்லை என்பது நம் அபிப்பிராயம். அது வேறு சங்கதி. ஏழையின் வயல் என்றால் நோட்டீசில்லாமல் திறக்கிற சர்க்கார், ஜாதியின் கதவு என்றால் இரண்டு வருஷம் சாவியைத் தேடுகிறதே, அதுதான் நம் சங்கதி.

இமாசலப் பிரதேசத்தில் ஹமீர்பூர் ஜில்லாவில் 1967, 68-ல் சாலை போடுவதற்கென்று எழுத்து வாசனை இல்லாத ஒரு கைம்பெண்ணின் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நோட்டீசும் இல்லை, காசும் இல்லை. அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போனபோது, இத்தனை வருஷம் நாங்கள் அநுபவித்துவிட்டோம், ஆகவே எங்களுக்கே பாத்தியம் என்று அந்தச் சர்க்கார் கூசாமல் வாதம் செய்தது. 2020 ஜனவரி 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளியது. குடிகளின் நிலத்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, உட்கார்ந்ததையே உரிமை என்று ஒரு சர்க்கார் சொல்ல முடியாது, அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அப்பொழுது அந்த அம்மாளுக்கு 80 வயது.

80 வயதுவரை காத்திருக்க முடியாதவர்கள் செய்யக்கூடியது என்ன? கல்லைப் பிடுங்கி எறிவதும் சர்வேயரை அடிப்பதும் வேண்டாம். அதற்குத் தனியாகக் குற்றப் பிரிவுகள் இருக்கின்றன. வழக்கு நம் மேல் திரும்பிவிடும். காகிதத்தைக் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அறிவிப்பு எந்தத் தேதி, அதில் நம் சர்வே நம்பர் இருக்கிறதா, வந்தவருக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவு எங்கே என்று கேளுங்கள். நெடுஞ்சாலையானால் 3-ஏ அறிவிப்பு வராமல் அளக்க வந்தவருக்கு 3-பி பிரிவு துணைக்கு வராது. கண்டிராக்டர் ஆட்கள் அதிகாரியின் உத்தரவு என்று சொல்லிக்கொண்டு மாத்திரம் வந்தால் இன்னும் அவசியமாய்க் கேட்க வேண்டும். தற்காப்பைப் பற்றிய பழைய இந்தியன் பீனல் கோட்டின் 99-ம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்த புதுச் சட்டத்தின் 37-ம் பிரிவும், அப்படி வருகிறவன் கேட்டால் அதிகாரத்தைச் சொல்ல வேண்டும், எழுத்தில் இருந்தால் காட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனை மரம், எவ்வளவு பயிர் சேதம் என்று அங்கேயே எழுதி, தேதி போட்டு, சாட்சிகள் இருவர் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அது எழுதும்.

நெடுஞ்சாலை அறிவிப்பின் சாரத்தை இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று தமிழில், போட்டாக வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். 22-ம் நாள் கொடுத்தால் ஒருவரும் சீந்த மாட்டார்கள். பிறகு 3-டி அறிவிப்பு வந்ததும் நிலம் சர்க்காருடையதாகிவிடும். அதற்குப் பின்னும் பணத்தைக் கட்டி, 60 நாள் நோட்டீசு கொடுத்த பிறகே சுவாதீனம் கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் டீக்கடையில் பத்திரிகை வாசிக்கிற தோழர்கள், ராசி பலனையும் சினிமாப் பக்கத்தையும் ஒரு நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் சர்வே நம்பர்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, வந்திருந்தால் உரத்துப் படிக்கக் கோருகிறோம்.